அத்தியாயம் 6: பல்வலிக்குப் பாலிசி கைகொடுக்குமா?

படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய நோய் எதுவும் பொதுவாக எட்டிப் பார்ப்பதில்லை. அந்த வயதில் மருத்துவச் செலவு என்று முதலில் கையைக் கடிப்பது பெரும்பாலும் பல்தான். பள்ளிக்கூட நாளில் கவனிக்காமல் விட்ட கடைவாய்ச் சொத்தை இப்போது நரம்பைத் தொட்டிருக்கும். 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும் ஞானப்பல் இடமில்லாமல் சாய்ந்து பக்கத்துப் பல்லை முட்டும். பைக்கிலிருந்து விழுந்து முன்பல் உடையும். இவற்றில் ஒன்றோடு பல் கிளினிக்கில் போய் உட்கார்ந்து, "இன்சூரன்ஸ் கார்டு எடுப்பீங்களா டாக்டர்?" என்று கேட்டால், "அதெல்லாம் பல்லுக்கு வராதுப்பா" என்பார்கள். அந்தப் பதில் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியைத் தெரிந்துகொள்ளாததால் எத்தனையோ பேர் தங்களுக்கு வர வேண்டிய பணத்தையும் இலவச சிகிச்சையையும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அந்தக் கால்வாசியைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்.

பாலிசி ஏன் பல்லை ஒதுக்குகிறது?

நம் நாட்டு மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரிப் படுக்கையை மனதில் வைத்து எழுதப்பட்டது. 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்தால்தான் கிளெய்ம் என்பது அடிப்படை விதி. ஆஸ்பத்திரி என்றால் எது என்பதற்கும் விதி உண்டு. 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் 10 படுக்கையாவது, பெரிய நகரங்களில் 15 படுக்கையாவது இருக்க வேண்டும். இரவும் பகலும் நர்ஸும் டாக்டரும் இருக்க வேண்டும், ஆபரேஷன் தியேட்டர் இருக்க வேண்டும். உங்கள் தெருமுனைப் பல் கிளினிக்கில் இரண்டு நாற்காலிகள்தான் இருக்கும். அங்கே எவ்வளவு நல்ல சிகிச்சை நடந்தாலும் பாலிசியின் கண்ணில் அது ஆஸ்பத்திரி அல்ல.

"24 மணி நேரம் தங்காமலே கண்புரை ஆபரேஷனுக்குப் பணம் தருகிறார்களே" என்று கேட்கலாம். அது டே கேர் பிரிவில் வருகிறது. முன்பெல்லாம் நாள்கணக்கில் படுக்க வேண்டியிருந்து, தொழில்நுட்பம் வளர்ந்ததால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும் சிகிச்சைகளுக்கான பிரிவு அது. அதே விதியில் இன்னொரு வரியும் உண்டு: வழக்கமாகப் புறநோயாளியாகவே செய்துகொள்ளும் சிகிச்சை டே கேரில் சேராது. ஞானப்பல்லை ஈறு கிழித்து, எலும்பைச் செதுக்கி, தையல் போட்டு எடுத்தாலும் கிளெய்ம் திரும்பி வருவது இந்த வரியால்தான். வேர் சிகிச்சை, அதாவது ரூட் கேனால், அடைப்பது, கேப் போடுவது எல்லாவற்றுக்கும் இதே கதி.

பாலிசி கையில் இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள். நாற்பது ஐம்பது பக்கத்தையும் படிக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் தகவல் தாள் என்று சில பக்கங்கள் தனியாக இருக்கும். 2024 ஜனவரி முதல் அதை எளிய நடையில், புதிய வடிவில் தருகிறார்கள். கேட்டால் தமிழிலும் தர வேண்டும். அதிலும் பாலிசியின் விலக்குகள் பகுதியிலும் மூன்று சொற்களைத் தேடுங்கள்: டென்டல், ஓ.பி.டி. (புறநோயாளி சிகிச்சை), டே கேர். டென்டல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "விபத்தால் நேர்ந்து, உள்நோயாளியாகச் சேர்ந்தால் தவிர" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். உங்கள் உரிமை அந்தத் "தவிர"வில்தான் இருக்கிறது.

விபத்தில் பல் போனால்

பைக் விபத்தில் தாடை எலும்பு முறிந்து, இரண்டு முன்பல் விழுந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய எல்லா மருத்துவக் காப்பீடும் இதற்குப் பணம் தரும். இருந்தும் இந்தக் கிளெய்ம்கள் பாதியில் நிற்கின்றன. காரணம், ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்காமல் விட்டுப்போன தாள்கள்.

முதல் தாள் ஏ.ஆர். காப்பி. விபத்து என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதன் நகலை அன்றே கேட்டு வாங்கி வையுங்கள். "போலீஸ் கேஸ் ஆகிடும், மாடிப்படியில விழுந்தேன்னு சொல்லிடலாம்" என்று கூட இருக்கும் நண்பர்கள் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். விபத்து நடந்த விதம் ஏ.ஆரில் ஒன்றாகவும் கிளெய்ம் ஃபாரத்தில் வேறாகவும் இருந்தால் கம்பெனி விசாரணை அதிகாரியை அனுப்பும், மாதக்கணக்கில் இழுக்கும். மது அருந்தியிருந்ததாக ஏ.ஆரில் பதிவானால் கிளெய்மை மறுக்க அதையே காரணமாகக் காட்டுவார்கள். நான் இதைப் பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது தாள் டிஸ்சார்ஜ் சம்மரி. வீட்டுக்கு அனுப்பும் அவசரத்தில் "தாடை முறிவு, பிளேட் வைக்கப்பட்டது" என்று மட்டும் எழுதிவிடுவார்கள். விழுந்த பல்லைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. பின்னால் அந்த இடத்தில் பல் கட்டும் செலவைக் கேட்கும்போது, "இந்தப் பல் விபத்தில் போனது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பார்கள். கையெழுத்தாகும் முன்பே படித்துப் பாருங்கள். எந்தப் பல், எத்தனை பல், விபத்தால்தான் பாதிக்கப்பட்டது, பின்னர் சிகிச்சை தேவைப்படும் என்று எழுதச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். முகத்தாடை அறுவை மருத்துவர் பார்த்திருந்தால் அவருடைய குறிப்பும், முழுத் தாடையையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயும் கோப்பில் இருக்கட்டும்.

டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுக்கும் கெடு உண்டு. பெரும்பாலான பாலிசிகளில் 60 நாள். சிலவற்றில் கூடுதலாக இருக்கும். காயம் ஆறி எலும்பு சேர்ந்து செயற்கைப் பல் பொருத்த அதைவிட நாளாகலாம். அதனால் சிகிச்சைத் திட்டத்தையும் செலவு மதிப்பீட்டையும் அந்தக் கெடுவுக்குள் எழுத்தில் வாங்கி, கம்பெனிக்கு மெயில் அனுப்பிவிடுங்கள். பணம் நிச்சயம் வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வழக்காடும் நிலை வந்தால் அந்த மெயில் உதவும்.

இன்சூரன்ஸைவிட அவசரமான ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முழுப் பல்லும் வேரோடு விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல், மேல்பக்கம் பிடித்து எடுத்து, காய்ச்சாத அல்லது ஆறிய பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போங்கள். அதே பல்லைத் திரும்பப் பொருத்த வாய்ப்பு இருக்கிறது.

விபத்து இல்லாமலும் பாலிசி கைகொடுக்கும் சந்தர்ப்பம் உண்டு. சொத்தைப் பல்லின் சீழ் தாடைக்கடியில் பரவி, கழுத்து வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ முடியாமல் போனால் அது உயிருக்கே ஆபத்து. அப்போது ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் ஆக வேண்டும். மருத்துவத் தேவையால் சேர்க்கப்பட்டதை டாக்டர் தெளிவாக எழுதினால் கிளெய்முக்கு வலு இருக்கும். எல்லாக் கம்பெனிகளும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டிய ஆரோக்ய சஞ்சீவனி பாலிசி 2020-ல் வந்தது. அதில் நோயாலோ காயத்தாலோ தேவைப்படும் பல் சிகிச்சை, ஆஸ்பத்திரிச் செலவுகளின் கீழ் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் அங்கும் அட்மிஷன் வேண்டும். கிளெய்மில் 5 சதவீதம் நீங்கள் ஏற்க வேண்டும்.

ஆபீஸ் பாலிசியில் என்ன கேட்பது

"மேடம், நம்ம குரூப் பாலிசில டென்டல் கவர் ஆகுமா?" என்று எச்.ஆரிடம் கேட்டால், "ஆகும்" என்று ஒரே சொல்லில் பதில் வரும். அதோடு திரும்பிவிடாதீர்கள். அவர் சொல்வது விபத்து டென்டலா, ஓ.பி.டி. டென்டலா என்று கேளுங்கள். ஓ.பி.டி. என்றால் வருடத்துக்கு எவ்வளவு உச்சவரம்பு, ரூட் கேனாலும் கேப்பும் சேருமா, எந்த கிளினிக்குக்கும் போகலாமா, பில்லை எத்தனை நாளுக்குள் ஏற்ற வேண்டும் என்று மெயிலிலேயே கேட்டு மெயிலிலேயே பதில் வாங்குங்கள். பல்லை வெளுப்பாக்குவதும், அழகுக்காகக் கம்பி போடுவதும் பொதுவாகச் சேராது. பில்லில் டாக்டரின் பதிவு எண், எந்தப் பல்லுக்கு என்ன செய்தார் என்பது, தேதி மூன்றும் இருக்க வேண்டும். "பல் சிகிச்சை, ரூ.6,000" என்று மொட்டையாக இருக்கும் பில்லை அப்படியே திருப்பி அனுப்புவார்கள்.

பல ஐ.டி. கம்பெனிகளில் இந்த ஓ.பி.டி. தொகை அந்தப் பாலிசி வருடத்தோடு காலாவதி ஆகிவிடும். வலி வரட்டும் என்று காத்திருக்காமல், வருடம் முடிவதற்குள் ஒரு பரிசோதனையும் கிளீனிங்கும் செய்துகொள்ளுங்கள். வேலையை விடும் எண்ணம் இருந்தால் நோட்டீஸ் பீரியடிலேயே பல் வேலையை முடித்துவிடுங்கள். கடைசி வேலை நாளோடு குரூப் பாலிசியும் முடிந்துவிடும்.

இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? பேஸ்லிப்பைப் பாருங்கள்

இளம் தொழிலாளிகள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். பனியன் கம்பெனி, ஜவுளிக்கடை, ஹோட்டல், கால் சென்டர், தொழிற்சாலை என்று எங்கே இருந்தாலும் மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்களுக்கு, சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனமாக இருந்தால், இ.எஸ்.ஐ. உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். ரூ.16,000 சம்பளக்காரருக்கு மாதம் ரூ.120 பிடிப்பார்கள், முதலாளி ரூ.520 கட்டுவார். இந்த 120 ரூபாயை வீண் பிடித்தம் என்று நினைப்பவர்கள் பலர். ஆனால் தனியார் பாலிசியில் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது. அட்மிஷன் வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, புறநோயாளி சிகிச்சையும் இதில் அடங்கும். காத்திருப்புக் காலமும் இல்லை, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே மருத்துவ உரிமை தொடங்குகிறது.

முதலில் உங்களுக்கு ஒதுக்கப்பட்ட இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அனுப்புவார்கள். இ.எஸ்.ஐ.யில் உங்கள் காப்பீட்டு எண்ணான ஐ.பி. எண்ணும் ஆதாரும் கையில் இருக்கட்டும். வரிசை நீளம்தான், ஒரு நாள் சம்பளம் போகலாம். ஆனாலும் வெளியே ஆயிரக்கணக்கில் ஆகும் வேலைக்கு இது லாபமே.

சம்பளம் உயர்ந்து ரூ.21,000-ஐத் தாண்டியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிடித்தம் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு காலமாக நடக்கிறது. நடுவில் சம்பளம் உயர்ந்தாலும் அந்தக் காலம் முடியும் வரை பிடித்தம் தொடரும். ஏப்ரல்–செப்டம்பரில் கட்டியதற்கான பயன்காலம் அடுத்த ஜனவரி–ஜூன். அதாவது சம்பள உயர்வு வந்த கையோடு இ.எஸ்.ஐ. கதவு மூடிவிடுவதில்லை. அந்த இடைவெளியில் பல் வேலையை முடித்துக்கொள்ளலாம்.

25 வயது என்ற கோடு

அப்பா அம்மா எடுத்த குடும்பப் பாலிசியில் பிள்ளைகளுக்கு வழக்கமான வரம்பு 25 வயது. ஆரோக்ய சஞ்சீவனியில் 18 வயதைத் தாண்டிய பிள்ளை சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கினால், 25-க்கு முன்பே அடுத்த புதுப்பித்தலில் வெளியே வந்துவிட வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் வேலை கிடைக்கும் வரை, அல்லது திருமணம் ஆகும் வரை, அல்லது 25 வயது வரை, இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் பிள்ளைகளுக்கு இடம். ஆண்டு வருமானம் ரூ.1.2 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கான திட்டம் அது. தாடை முறிவு போன்ற பெரிய அறுவை சிகிச்சைகளுக்குத்தான் உதவும். சொத்தை அடைப்பதற்கு அல்ல.

இந்தக் கோட்டைத் தாண்டும்போது பலரும் பழைய பாலிசியை மறந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அதே கம்பெனியில் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஏற்கெனவே கடந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வந்துவிடும். குரூப் பாலிசியிலிருந்து விலகுபவர்களுக்கும் அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழி இருக்கிறது. புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்னாலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 2010-ல் வந்த சட்டப்படி பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் மருத்துவப் பாலிசியில் இருக்கலாம். ஆனால் பல்லுக்கான காப்பீடு அங்கே பெரும்பாலும் தனி. தனியாக விற்கும் பல் காப்பீட்டை அந்த 26 வயது விதி கட்டுப்படுத்தாது. மாணவர் பாலிசிகளிலும் பல்லுக்கு இடம் சொற்பம். விமானம் ஏறும் முன்பே சொத்தை, ஞானப்பல் எல்லாவற்றையும் இங்கேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பாலிசி இல்லாமலே போகக்கூடிய இடங்கள்

சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே 1953-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கடலூர் மாவட்டம் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிட வேண்டும். எட்டரை மணிக்கு வரிசையில் நிற்பவருக்கும் பதினொன்றுக்கு வருபவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதல் நாள் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் முடிந்து, எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று எழுதித் தருவார்கள்.

தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளி கிளினிக்கைவிடக் கட்டணம் பல மடங்கு குறைவு. மாணவர்கள் செய்வார்களே என்று பயப்பட வேண்டாம். பேராசிரியர் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அடுத்ததற்குப் போவார்கள். இதனாலேயே ஒரே நாளில் முடியும் வேலைக்கு மூன்று நான்கு தடவை போக வேண்டியிருக்கும். கடைவாய்ப் பல்லில் சிக்கலான வேர் சிகிச்சை என்றால் முதுநிலை மாணவர்கள் பார்க்கும் பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

எதை வாங்க வேண்டாம்

பல்லுக்காக மட்டும் என்று ஓ.பி.டி. ரைடர் வாங்கும் முன் கணக்குப் போடுங்கள். கூடுதல் பிரீமியம் ரூ.4,000, வருட உச்சவரம்பு ரூ.5,000 என்றால் அதில் உங்களுக்கு என்ன மிச்சம்? அந்தப் பணத்தில் மாதம் ரூ.300 தனியாகப் போட்டு வந்தால் வருடத்துக்கு ரூ.3,600 சேரும். இரண்டு பரிசோதனைக்கும் ஓரிரு சொத்தை அடைக்கவும் அது சாதாரணமாகப் போதும். சென்னையில் நடுத்தர கிளினிக்கில் சொத்தை அடைக்க ஆயிரம் ரூபாய் சொச்சம். அதையே விட்டுவைத்து ரூட் கேனாலும் கேப்பும் ஆனால் பத்தாயிரத்தைத் தொடும். பல்லை எடுத்து இம்ப்ளான்ட் வைத்தால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு.

"வருடம் 999 ரூபாய், குடும்பத்துக்கே டென்டல் இன்சூரன்ஸ்" என்று மாலில் மேஜை போட்டு விற்பது பெரும்பாலும் தள்ளுபடிக் கார்டுதான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்த ஒவ்வொரு பாலிசிக்கும் யு.ஐ.என். என்ற அடையாள எண் உண்டு. அந்த எண் இல்லையென்றால் அது இன்சூரன்ஸ் இல்லை.

கம்பிக்கும் அலைனருக்கும் இ.எம்.ஐ. போடச் சொன்னால் இன்னும் கவனம். பல இடங்களில் கடன் கம்பெனி முழுத் தொகையையும் கிளினிக்குக்கு முதல் நாளே கொடுத்துவிடும். கிளினிக் இடையில் மூடிவிட்டாலும் உங்கள் தவணை நிற்காது. சிகிச்சை நடக்க நடக்கப் பணம் கட்டும் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்கிற டாக்டரையே தேர்ந்தெடுங்கள்.

இதைப் படித்துவிட்டு மருத்துவக் காப்பீடே வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. டெங்குவுக்கும் விபத்துக்கும் அது வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் முன்னைவிட வாங்குவது எளிது. வாங்கிய பிறகு 30 நாள் வரை படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கவும் உரிமை உண்டு.

மறுத்துவிட்டால்

விபத்துப் பல் கிளெய்மை "டென்டல் சேராது" என்று ஒற்றை வரியில் மறுத்தால் அதோடு விட்டுவிட வேண்டாம். எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே இணைத்துப் புகார் அனுப்புங்கள். ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் பதிவு செய்யலாம். தொலைபேசி எண் 155255. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ளது. ரூ.50 லட்சம் வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.